சாவிக்கொத்தும் தலைக்கணக்கும்
யாழ்ப்பாணத்து மருத்துவ வரலாறு: இயல் 11

இலங்கைத் தமிழரின் பேச்சில் அங்கொடை என்பது வெறும் ஊர்ப்பெயர் அன்று. 'இவனை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்' என்று ஒருவர் சொன்னால், கொழும்புக்குக் கிழக்கேயுள்ள அந்தப் புறநகரை ஒருநாளும் கண்டிராத யாழ்ப்பாணத்து நீர்வேலிக் கிழவிக்கும் பொருள் விளங்கிவிடும். சென்னைத் தமிழில் கீழ்ப்பாக்கமும், மலேசியத் தமிழில் ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானும் இதே பொருளில் வழங்குகின்றன. மூன்று ஊர்களிலும் பிரித்தானிய ஆட்சி மனநோய்க் காப்பகம் ஒன்றை எழுப்பியது. மூன்று ஊர்களின் பெயர்களும் பின்னர் வசைச்சொற்களாயின. அந்த மதில்களுக்குள் அடைக்கப்பட்டவரைக் குறிக்க ஏராளமான சொற்களை வைத்திருக்கும் நமது பேச்சுமொழியில், அதே மதில்களுக்குள் சம்பளத்துக்கு வேலைசெய்து, அங்கேயே உறங்கி, பென்சன் பெற்று வெளியேறியவரைக் குறிக்கத் தனிச்சொல் ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றியதே இந்த இயல்.

சொற்களிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். யாழ்ப்பாணத்தில் மனநோய்க்குப் பொதுப்பெயர் 'விசர்'. நோயுற்றவர் விசரன் அல்லது விசரி. அவர்கள் அனுப்பப்பட்ட இடம் விசர் ஆஸ்பத்திரி. அரசு ஆவணங்களில் அது 'அசைலம்' எனப்பட்டது. அடைக்கலம் தரும் இடம் என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். அங்கு நோயாளரைப் பார்த்துக்கொண்டவர் முதலில் 'கீப்பர்' எனப்பட்டார். சிறைக்கைதியையும் மிருகக்காட்சிச்சாலை விலங்கையும் காப்பவருக்கு வழங்கிய அதே சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பெயர் நாகரிகக் குறைவாகத் தோன்றவே, உடனிருப்பவர் என்னும் பொருளுடைய 'அற்றெண்டன்' புழக்கத்துக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் தாதி என்ற பெயர் அதன்மேல் ஏறியது. பெயர் மாறிய வேகத்தில் வேலை மாறவில்லை என்பதே இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

காப்பகம் வருவதற்கு முன்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிராமமொன்றில் விசர் கண்டவரைப் பராமரித்த பணியாளர் யார் என்று கேட்டால், வீட்டாரும் பரியாரியாரும் என்பதே விடை. பரியாரியார் என்பது யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகும். சித்த வைத்திய மரபில் மனநோய் 'கிரிகை' எனப்பட்டது. அதனைப் பதினெட்டு வகையாகப் பிரித்துக் குறிகுணமும் மருந்தும் சொல்லும் வழக்கம் இருந்தது. நல்லூர் அரசர்களின் பட்டப்பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்துப் பரியாரிமாரின் கைநூல்களாக விளங்கின. நீர்வேலியிலுள்ள அரசகேசரிப் பிள்ளையார் கோயிலுக்குப் பெயர் தந்தவரும், இரகுவம்சத்தைத் தமிழில் பாடியவருமான அரசகேசரியும் அந்த அரச குலத்தைச் சேர்ந்தவரே. எனவே இலக்கியமும் வைத்தியமும் ஒரே அரண்மனை முற்றத்திலிருந்து இந்தச் செம்மண் ஊர்களுக்குள் வந்தன என்று கொள்வதில் தவறில்லை. தலைக்கு எண்ணெய் வைப்பதும், மூக்கில் நசியம் விடுவதும், கண்ணுக்குக் கலிக்கம் இடுவதும் பரியாரியாரின் வேலை. இரவில் கண்விழித்திருப்பதும், குளிக்கவார்ப்பதும், ஓடினால் துரத்திப் பிடிப்பதும், முற்றினால் காலில் சங்கிலி இடுவதும் வீட்டாரின் வேலை. இதனைப் பொற்காலமாகக் காட்டுவோர் அந்தச் சங்கிலியை மறந்துவிடுகின்றனர். எனினும் இந்த ஏற்பாட்டில் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒரே மொழி பேசினர், ஒரே உலையில் உண்டனர்; பின்னர் வந்த ஏற்பாடு இந்த இரண்டையும் இல்லாமற் செய்தது.

அந்தப் பின்னைய ஏற்பாட்டுக்குச் சட்டவடிவம் தந்தது 1873ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமின்மைக் கட்டளைச் சட்டமாகும். 'சித்தசுவாதீனம்' என்பது தன் மனம் தன் வசத்தில் இருத்தலைக் குறிக்கும். அது இல்லாதவர் என்று ஒருவரைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை இச்சட்டம் மாவட்ட நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. வைத்தியர் சான்று கூறுவார், தீர்ப்பளிப்பவர் நீதிபதி. இதன் விளைவாக, குற்றம் எதுவும் செய்யாத நோயாளி ஒருவர் முதலில் சந்தித்த அரச ஊழியர் பெரும்பாலும் பொலிஸ்காரராகவோ சிறைக்காவலராகவோ இருந்தார். நீர்வேலியிலிருந்து கோப்பாய், இருபாலை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் பருத்தித்துறை வீதியில் நோயாளியை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்ற உறவினர், அவரை நீதிமன்ற வாசலில் விட்டுவிட்டுத் திரும்பவேண்டியிருந்தது. அதன்பின் அவதானிப்புக் காலம் தொடங்கும். அவதானிப்பு என்பது நோய் உண்மையா, நடிப்பா, தற்காலிகக் குழப்பமா என்று தெரியும்வரை ஒருவரைக் காவலில் வைத்துப் பார்ப்பதாகும்; கோட்டைக்குள் சிறைச்சாலை இருந்த யாழ்ப்பாணத்தில் அந்தக் காவலின் பொருளை விளக்கத் தேவையில்லை.

நீதிமன்றம் ஆணையிட்ட பின்னர் கொழும்புப் பயணம் இருந்தது. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறைக்கும் கொழும்புக்கும் இடையே முழுமையாகத் திறக்கப்படும்வரை அது பல நாள் எடுக்கும் பயணமாகவும், அதன்பின் ஓர் இரவோ ஒரு பகலோ எடுக்கும் பயணமாகவும் இருந்தது. பாதை திறந்தது வணிகருக்கும் மாணவருக்கும் உத்தியோகத்தருக்கும் நன்மை செய்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள், வடக்கின் நோயாளியைத் தெற்கின் காப்பகத்துக்கு அனுப்புவதையும் அது எளிதாக்கியது என்பதைச் சேர்த்து எழுதுவதில்லை. அனுப்புவது எளிதாயிற்று, போய்ப் பார்ப்பது ஏழைக் குடும்பத்துக்கு அப்போதும் எளிதாகவில்லை.

அக்காப்பகம் எப்போதும் அங்கொடையில் இருந்ததில்லை. களனி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் அமைத்த தொழுநோய் மருத்துவமனையே தொடக்கத்தில் மனநோயாளருக்கும் ஒதுக்கிடமாயிற்று. 1840களில் பொரளையில் தனிக் காப்பகம் எழுந்தது. அது நிரம்பி வழியவே, 1880களில் கறுவாத்தோட்டத்தின் ஜாவத்தைப் பகுதியில் பெருஞ்செலவில் புதிய கட்டடம் கட்டப்பட்டது. பின்னர் அரச அலுவலகமாக மாறிய அந்தக் கட்டடம் 2014ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டு, சுதந்திரச் சதுக்கத்துக்கு அருகே உடுப்புக்கடைகளும் உணவகங்களும் கொண்ட அங்காடியாக இன்று விளங்குகின்றது; மாலையில் அங்கே படம் எடுத்துக்கொள்ளும் இளையோர் நிற்கும் நீண்ட விறாந்தைகள், அற்றெண்டன்மார் ஓரிடத்தில் நின்றே பல நோயாளரைக் கண்காணிக்கவும் ஏற்றவையாக இருந்தன. கறுவாத்தோட்டம் செல்வந்தர் வாழும் பகுதியானபோது காப்பகம் நகருக்கு வெளியே தள்ளப்பட்டது. 1926ஆம் ஆண்டளவில் அங்கொடை வைத்தியசாலை இயங்கத் தொடங்கியது.

இத்தகைய நிறுவனமொன்றில் அற்றெண்டன் ஒருவரின் நாள் எவ்வாறு கழிந்தது என்பதை, இலங்கை, இந்தியா, மலாயாக் காப்பகங்கள் அனைத்துக்கும் முன்மாதிரியாக இருந்த பிரித்தானியக் காப்பகங்களின் பணிவிதிகளிலிருந்து தெளிவாக அறியலாம். விடியற்காலை ஆறு மணியளவில் தொடங்கும் வேலை இரவு எட்டு மணிவரை நீண்டது. வேலை முடிந்தவுடன் வீடு செல்லும் வழக்கம் இல்லை. பலர் நோயாளரின் படுக்கைக்கூடத்தை ஒட்டிய சிற்றறையில், இரவிலும் காது திறந்தபடி உறங்கினர். வெளியே செல்ல அனுமதி வேண்டும். திருமணம் செய்யவும் அனுமதி வேண்டும். ஆண் பகுதியும் பெண் பகுதியும் மதிலால் பிரிக்கப்பட்டிருந்தமையால், ஒரே நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலைசெய்த ஆண் பணியாளரும் பெண் பணியாளரும் ஒருவரோடொருவர் பேசும் வாய்ப்பே பெறாதிருக்கவும் கூடும். நோயாளியை அடைத்து வைத்த விதி, காவலரையும் ஏறத்தாழ அதே மதிலுக்குள் அடைத்து வைத்தது. வேறுபாடு இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து மட்டுமே.

அந்தச் சாவிக்கொத்து சற்று நெருங்கிப் பார்க்கத்தக்கது. பணிக்கு வரும்போது கையொப்பமிட்டுப் பெறவேண்டிய அது, தோற்பட்டியிலோ சங்கிலியிலோ உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே சென்றவர், இரண்டடி எடுத்து வைப்பதற்கு முன் திரும்பி அதே கதவைப் பூட்டவேண்டும். இந்தப் பழக்கம் எலும்பில் ஊறியமையால், ஓய்வுபெற்ற பின்னரும் வீட்டுக்கதவைத் தாண்டியவுடன் திரும்பிப் பார்ப்போர் இருந்திருப்பின் வியப்பில்லை. சாவி தொலைந்தால் பூட்டுகள் அனைத்தையும் மாற்றவேண்டியிருக்கும் என்பதால் அது மன்னிக்கப்படாத குற்றமாயிற்று.

சாவிக்கு அடுத்தது எண்ணிக்கை. எழுந்தவுடன் தலைகளை எண்ணவேண்டும். குளியலுக்கு முன்னும் பின்னும், உணவுக்கு முன்னும் பின்னும், முற்றத்துக்கு அனுப்பும்போதும் அழைக்கும்போதும், படுக்கைக்குச் செல்லும்போதும் எண்ணவேண்டும். ஒவ்வொரு வேளை உணவும் முடிந்ததும் கத்திகளும் முள்ளுக்கரண்டிகளும் எண்ணப்பட்டுப் பெட்டியில் பூட்டப்பட்டன. ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை எவரும் எழுந்து செல்ல இயலாது. கையால் உண்ணும் நம் நாடுகளில் மேசைக்கத்தியின் கவலை இல்லாவிடினும், மண்வெட்டி, கொடுவாக்கத்தி, சவரக்கத்தி என்று எண்ணவேண்டியவை வேறு இருந்தன. நோயாளி ஒருவர் தப்பிச் சென்றால், அவரைத் தேடிப் பிடிக்கும் செலவு பொறுப்பிலிருந்த பணியாளரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவது வழக்கமாயிருந்தது. நோயாளி குணமடைந்து வீடு சென்றால் பணியாளருக்குப் பரிசு இல்லை. தப்பிச் சென்றால் தண்டம் உண்டு. எந்த நிறுவனமும் எதற்குத் தண்டம் விதிக்கின்றதோ அதையே தன் பணியாளருக்கு வேலையாகக் கற்பிக்கின்றது. காப்பகம் கற்பித்தது எண்ணுவதற்கு.

மனநோயாளரின் சங்கிலியை அகற்றிய புகழ் பிரெஞ்சு வைத்தியர் பீனலுக்கு வழங்கப்படுவது பாடநூல் வழக்கம். உண்மையில் பாரிசின் பிசெத்ர் நிறுவனத்தில் 1797ஆம் ஆண்டில் அதனைச் செய்தவர் ழான் பப்தீஸ்த் புசேன் என்னும் மேற்பார்வையாளர் ஆவார். வைத்தியக் கல்வி பெறாத அவர், கண்டமாலை நோய்க்காக அதே நிறுவனத்தில் நோயாளியாகச் சேர்ந்து, குணமடைந்து, அங்கேயே பணியாளரானவர். மனைவியுடன் சேர்ந்து வார்டுகளை நடத்திய அவர், நோயாளரை அடிக்கக்கூடாது என்று பணியாளருக்கு ஆணையிட்டதோடு, குணமடைந்தோரைப் பணியாளராகச் சேர்த்துக்கொள்ளவும் செய்தார். அவர்களுக்கே அந்நோயின் அச்சம் தெரியும் என்பது அவரது கணிப்பு. பீனல் தமது எழுத்தில் புசேனின் பங்கை மறைக்கவில்லை, பின்வந்தோரே மறைத்தனர். மனநல வரலாற்றில் பணியாளர் எவ்வாறு காணாமற் போகின்றனர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இங்கிலாந்தில் ஹான்வெல் காப்பகத்தின் வைத்தியர் ஜோன் கொனொலி 1839ஆம் ஆண்டில் கைவிலங்கு, தோற்பட்டி முதலிய கட்டுக்கருவிகளைக் கைவிட்டபோது, அவற்றின் இடத்தை நிரப்பவேண்டியிருந்தது அற்றெண்டனின் கையும் பொறுமையுமே. கட்டுக்கருவி மலிவானது, உறங்காதது. மனிதர் உறங்குவர், சினங்கொள்வர், கூலி கேட்பர். ஆகவே சீர்திருத்தம் என்பது எப்போதும் கூடுதல் பணியாளர் என்னும் செலவுக் கணக்காகவே அரசுகளின் முன் வந்து நின்றது. 1885ஆம் ஆண்டில் அற்றெண்டன்மாருக்கென முதற் கைநூல் பிரித்தானியாவில் வெளியாயிற்று. அட்டையின் நிறத்தால் அது 'செந்நூல்' என்று அழைக்கப்பட்டது. உடலமைப்பு, முதலுதவி, நோயாளரை அணுகும் முறை ஆகியவற்றைச் சொன்ன அந்நூலைப் படித்துத் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் ஏற்பாடு 1891ஆம் ஆண்டளவில் தொடங்கியது. இக்காலத்துப் பிரித்தானியக் காப்பகங்கள் சில, வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவரையும் கிரிக்கெட் ஆடத் தெரிந்தவரையும் அற்றெண்டன் வேலைக்கு விரும்பித் தேடின. பிற்காலத்தில் பெரும் இசையமைப்பாளரான எட்வேர்ட் எல்கர், தமது இருபதுகளில் பொவிக் காப்பகத்துப் பணியாளர் வாத்தியக் குழுவை நடத்திச் சம்பளம் பெற்றவர். வெள்ளிக்கிழமை நடனத்துக்கு அவர் எழுதிய இசையை நோயாளரும் காவலரும் சேர்ந்தே கேட்டனர்.

குடியேற்ற நாடுகளுக்குக் கட்டட வரைபடமும் பணிவிதியும் வந்து சேர்ந்தன. வாத்தியக் குழுவும் தேர்வும் அவ்வளவு விரைவில் வந்து சேரவில்லை. சென்னையில் 1794ஆம் ஆண்டில் வலன்ரைன் கொனொலி என்னும் கிழக்கிந்தியக் கும்பனி வைத்தியர், ஏறத்தாழ இருபது பேருக்கென ஒரு காப்பகத்தைத் தனியார் முயற்சியாகத் தொடங்கிக் கும்பனியிடம் வாடகையும் பராமரிப்புச் செலவும் பெற்றார். இவரை மேலே சொன்ன ஹான்வெல் கொனொலியோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஹான்வெல் கொனொலி கட்டுக்கருவிகளைக் கைவிட்டதால் நினைக்கப்படுபவர், சென்னைக் கொனொலி நல்ல வருமானத்தோடு நாடு திரும்பியவர். அவருக்குப் பின் ஜேம்ஸ் டால்டன் என்பவர் அதனை விரிவாக்கி நடத்தவே, 'டால்டனின் பைத்திய ஆஸ்பத்திரி' என்று அது ஊரில் பெயர்பெற்றது. 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தின் லொக்கொக் தோட்டத்தில் 145 நோயாளருடன் அரசின் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. கள்ளிக்கோட்டையிலும் விசாகப்பட்டினத்திலும் இருந்தவற்றோடு சேர்த்துச் சென்னை மாகாணத்தில் மூன்று காப்பகங்கள் இயங்கின.

இந்தியக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளில் பணியாளர் பற்றிய பகுதி சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியானது: காவலர் நிலைத்திருப்பதில்லை, கிடைப்பவர் தகுதியற்றவர், காவலின்போது உறங்கியதற்காக இவ்வளவு பேர், நோயாளியை அடித்ததற்காக இவ்வளவு பேர் நீக்கப்பட்டனர். அதே அறிக்கைகளில் சம்பளப் பட்டியலையும் சேர்த்துப் படிப்பவருக்குக் காரணம் புலப்படும்; சிறைக்காவலரும் துரை வீட்டு வேலைக்காரரும் பெற்றதைவிடக் குறைந்த கூலிக்கு, நாள்முழுதும் மலசலம் துடைத்து அடியும் வாங்கவேண்டிய வேலைக்கு, வேறு வேலை கிடைக்காதவரே வந்தனர். நெசவு, கயிறு திரித்தல், எண்ணெய் ஆட்டுதல், தோட்டம் முதலிய வேலைகளில் நோயாளரை ஈடுபடுத்தி, அவற்றால் வந்த இலாபத்தையும் அறிக்கைகள் ரூபாய் கணக்கில் பெருமையோடு காட்டின. தொழில்வழிச் சிகிச்சை என்று பின்னாளில் பெயர்பெற்ற இம்முறையில், நோயாளியோடு பக்கத்தில் அமர்ந்து கயிறு திரித்துக் காட்டியவர் அந்தத் தகுதியற்ற காவலரே. ஆங்கிலம் எழுதத் தெரியாத அவர் அறிக்கை எழுதவில்லை. ஆகவே அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் அவரை நீக்கியவர் எழுதிய வரிகளே.

யாழ்ப்பாணத்தவர் இந்த வரலாற்றுக்குள் பணியாளராக நுழைந்தது கீழ்த்தட்டுக் காவலராக அன்று. மிசன் பள்ளிகள் தந்த ஆங்கிலக் கல்வியும், மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தொடக்கிவைத்த மருத்துவக் கல்வி மரபும், குடாநாட்டு இளைஞரை எழுதுவினைஞராகவும் அப்போதிக்கரிகளாகவும் டிரசர்களாகவும் ஆக்கின. அப்போதிக்கரி என்பவர் முழு வைத்தியருக்கு அடுத்த நிலையில் மருந்து கலந்து கொடுத்து நோயும் பார்த்த அரச உத்தியோகத்தர். டிரசர் என்பவர் புண்ணுக்கு மருந்து கட்டுவதில் தொடங்கிப் பின் மருத்துவ உதவியாளர் என்னும் நிலைக்கு உயர்ந்தவர். இவர்கள் இலங்கை முழுவதிலும், அதைவிடப் பெருந்தொகையாக மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்தனர். மலாயாவின் மத்திய மனநோய் வைத்தியசாலை 1911ஆம் ஆண்டில் தஞ்சோங் ரம்புத்தானில், வில்லியம் சாமுவெல்ஸ் என்னும் வைத்தியரின் பொறுப்பில் திறக்கப்பட்டது. ஊருக்குள் ஊராக அமைந்த அத்தகைய வைத்தியசாலைகளில் பணியாளர் குடியிருப்பும் தோட்டமும் விளையாட்டுத் திடலும் மதிலை ஒட்டியே இருந்தன. அங்கே பிறந்த பணியாளரின் பிள்ளைகளுக்கு நோயாளர் அச்சத்துக்குரியவராக அல்லாமல், காலையில் தோட்டம் கொத்தும் பழகிய முகங்களாகவே இருந்தனர்.

மலாயாப் பென்சன் வலிகாமத்துக் கிராமங்களில் கல்வீடாகவும் கிணறாகவும் கோயில் திருப்பணியாகவும் பெண்களின் சீதனமாகவும் உருமாறிற்று என்பது ஊரறிந்த கதை. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே எழுந்த நாற்சார் வீட்டின் தலைவாசலில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்த பென்சனியர், புகையிரதப் பகுதியில் வேலைசெய்தவராயின் அதனை நாளெல்லாம் சொல்லுவார். ஆனால் மனநோய் வைத்தியசாலையில் முப்பது வருடம் கழித்தவருக்கு 'மலாயாவில் மெடிக்கல் டிப்பாட்மென்ற்' என்ற பொதுச்சொல் வசதியாயிருந்தது. விசர் ஆஸ்பத்திரி என்ற சொல் வீட்டில் கலியாணம் பேசவுள்ள பெண்பிள்ளைக்கு நல்லதன்று. களங்கம் நோயாளியைத் தொட்டவர் கையிலும் ஒட்டும் என்பதற்கு இந்த மௌனமே ஆவணம். யப்பானியர் ஆட்சிக்காலத்தில், அரிசியும் மருந்தும் அற்றுப்போய் மரவள்ளிக் கிழங்கே உணவான அந்த மூன்றரை ஆண்டுகளில், மலாயாவின் மனநோய் வைத்தியசாலைகளில் பசியாலும் நோயாலும் நோயாளர் பெருந்தொகையாக மாண்டனர். அவ்வாறான வார்டுகளில் தலைக்கணக்கு ஒவ்வொரு காலையும் குறைந்துவருவதைக் கண்டவர் சிலரேனும் பின்னர் ஊர் திரும்பியிருப்பர்.

இலங்கையில் திருப்பம் 1937ஆம் ஆண்டில் வந்தது. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவர் எட்வேர்ட் மப்போதர், இலங்கை அரசின் அழைப்பில் வந்து அங்கொடையைப் பார்வையிட்டு, அடுத்த ஆண்டில் தமது அறிக்கையை அளித்தார். கட்டப்பட்ட அளவுக்கு மிகமிஞ்சி நோயாளர் நெருக்கப்பட்டிருந்ததையும், வைத்தியரும் பயிற்சிபெற்ற தாதியரும் அருகியிருந்ததையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். வைத்தியரை வெளிநாட்டில் பயிற்றவேண்டும், தாதியருக்கு முறையான கல்வி வேண்டும், பொது வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பன அவரது பரிந்துரைகள். 1939ஆம் ஆண்டில் கொழும்புப் பொது வைத்தியசாலையில் அத்தகைய சிகிச்சை நிலையம் தொடங்கிற்று. 1940ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், நீதிமன்றத்தை நாடாமல் ஒருவர் தாமே விரும்பிச் சேரவும் வழிசெய்தது. இந்தியாவில் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை, அந்நாடு முழுவதற்கும் மனநோயாளருக்கென 19 வைத்தியசாலைகளில் 10,181 படுக்கைகளே இருந்தன என்று கணக்கிட்டது. அக்குழுவுக்காக அவற்றை ஆராய்ந்த மூர் டெய்லர், அவற்றுள் பெரும்பாலானவை காவலுக்காகக் கட்டப்பட்டவையே அன்றிச் சிகிச்சைக்காக அல்ல என்று எழுதினார்.

புதிய சிகிச்சைகள் பணியாளருக்குப் புதிய உழைப்பைக் கொண்டுவந்தன. அதற்கு முன் வார்டின் வாசம் பரல்டிகைட் மருந்தின் வாசமாகவே இருந்தது. அமைதிப்படுத்தக் கொடுத்த அந்தத் திரவத்தின் நெடி நோயாளியின் மூச்சில் மறுநாள்வரை நின்றது, அதனைக் கையாண்டவரின் உடுப்பிலும் ஏறியது. 1930களில் வியன்னாவைச் சேர்ந்த சாக்கல் பரப்பிய இன்சுலின் மயக்கச் சிகிச்சையோ தாதியின் முழுக் கவனத்தையும் கோரியது. வெறும் வயிற்றில் காலை ஊசி போடப்பட்ட நோயாளி வியர்த்து, நடுங்கி, ஆழ்ந்த மயக்கத்துள் செல்வார். நாடியையும் மூச்சையும் கண்மணியின் அசைவையும் நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டு தாதி அருகில் இருப்பார். உரிய வேளையில் குழாய்வழியே சர்க்கரைக் கரைசல் செலுத்தப்படும். கண்விழித்தவரைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, வயிறார உண்ணவைத்து, இரவில் மீண்டும் மயங்குகின்றாரா என்றும் பார்க்கவேண்டும். பிற்கால ஆய்வுகள் இன்சுலினுக்குத் தனிப் பயனில்லை என்று காட்டியபோது, அதனால் தேறியவர்கள் எதனால் தேறினர் என்ற கேள்வி எழுந்தது. நாள் முழுதும் ஒருவர் பக்கத்தில் இருந்ததனால் என்பது அக்காலத்திலேயே சிலர் கூறிய விடை. அது முழு விடையாக இல்லாவிடினும் பாதியேனும் சரியாகவே இருக்கவேண்டும். 1950களின் நடுப்பகுதியில் குளோர்புரோமசின் மாத்திரை உலகெங்கும் பரவியபோது, வார்டுகளின் இரைச்சல் அடங்கியது. அற்றெண்டனின் வேலை மல்லுக்கட்டுவதிலிருந்து மாத்திரை விழுங்கப்பட்டதா என்று வாய்க்குள் பார்ப்பதற்கு மாறிற்று. எண்ணும் பழக்கம் தலையிலிருந்து மாத்திரைக்குச் சென்றது.

1956ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் இரு முகங்கொண்டது. பழைய கட்டளைச் சட்டம் அவ்வாண்டில் மனநோய்கள் கட்டளைச் சட்டம் என்னும் நாகரிகமான பெயரைப் பெற்றது. அதே ஆண்டில் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. மற்ற நோயாளியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தும் நோயறியலாம்; மனநோயாளிக்கோ பேச்சே நாடி. தமிழ் மட்டும் அறிந்த வடபகுதி நோயாளியின் பேச்சு, சிங்களச் சூழலில் அமைந்த வார்டில், அதனை விளங்கிக்கொள்ளும் ஒருவர் இல்லாதவிடத்து வெறும் ஒலியாகும். வைத்தியரைவிட, தமிழ் தெரிந்த ஒரு தாதியோ எழுதுவினைஞரோ வார்டைக் கடந்து செல்வது அவருக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். மொழிச்சட்டத்தாலும் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாலும் தமிழ் அரச ஊழியர் தெற்கிலிருந்து படிப்படியாக விலகியபோது அத்தகையோரின் தொகையும் குறைந்தது.

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அங்கொடைக்கு அனுப்பும் வழியும் அதனோடு அடைபட்டது. வசைச்சொல் மட்டும் எஞ்சியது. தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளநலப் பிரிவும், 1978ஆம் ஆண்டில் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும், பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற வைத்தியரும் போர்க்காலத்தில் சுமக்கவேண்டியிருந்த பாரம், முன்னர் முழுத் தீவுக்கும் ஒரு நிறுவனம் சுமந்ததை ஒத்தது. நோயாளிக்கு ஒரு தாதி என்ற கணக்கெல்லாம் எட்டாத நிலையில், ஆசிரியரும் கிராமசேவையாளரும் தொண்டரும் உளவளத்துணைப் பயிற்சி பெற்றனர். உளவளத்துணை என்பது துன்புற்றவரின் பேச்சைத் தீர்ப்புக் கூறாமல் கேட்டு அவர் தாமே வழிகாண உதவுவதாகும். 1995 ஒக்டோபரில் இராணுவம் புத்தூர், நீர்வேலி வழியாக யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறியபோது வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. அந்த நெரிசலில் நோயாளரும் இருந்தனர், அவர்களைப் பார்த்து வந்த பணியாளரும் தத்தம் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்தபடி இருந்தனர். பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒரே மொழி பேசி ஒரே உலையில் உண்ட பழைய நிலை, எவரும் விரும்பாத வகையில், அகதிமுகாம்களில் திரும்பி வந்தது.

இன்று நீர்வேலியிலிருந்து புத்தூர்–சுன்னாகம் வீதியைப் பிடித்து, சுன்னாகத்தில் பஸ் மாறித் தெல்லிப்பழைக்குச் செல்லும் தாய் ஒருத்தியின் கைப்பையில், பிள்ளையின் பெயரும் இலக்கமும் எழுதிய கிளினிக் கொப்பி ஒன்று இருக்கும். பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் அதே கோடிட்ட கொப்பி. பழைய சேலைத் துண்டிலோ பொலித்தீன் பையிலோ சுற்றியிருக்கும். மாத ஊசி எப்போது போடப்பட்டது, அடுத்த திகதி எது, எந்த மாத்திரை எத்தனை என்பன அதில் உள்ளன. அங்கொடையின் சேர்க்கைப் பதிவேட்டில் பூட்டப்பட்டிருந்த தகவல் இவ்வாறு வீட்டு அலுமாரிக்கு வந்துவிட்டது. குறித்த திகதியில் அந்தக் கொப்பி மேசைக்கு வராவிடின் அதனைக் கவனித்து, வீட்டு விலாசத்தைத் தேடி எடுத்து, செம்மண் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளை விடுபவர் சமூக உளநலப் பணியாளர். அவரிடமும் சாவிக்கொத்து ஒன்று உண்டு. அதில் மோட்டார் சைக்கிளின் சாவியும் கிளினிக் அலுமாரியின் சாவியும் உள்ளன.

அடுத்த இயல் இனுவில் மக்லியொட் வைத்தியசாலையின் பெண் வைத்தியர்களையும் மருத்துவிச்சிகளையும் பற்றியது.